லிக்விட் கூலரை வீட்டிலேயே சோதிப்பது எப்படி? பகலில் சூடு, ராத்திரியில் சத்தம்

கத்தரி வெயில் நேரத்தில் பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறைக்குள் மத்தியானம் 36 டிகிரி இருந்தால் யாரும் ஆச்சரியப்பட மாட்டோம். அந்த அறையில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு லிக்விட் கூலர் (திரவத்தை ஓடவிட்டுப் பிராசசரின் சூட்டை இறக்குகிற கருவி) வாங்கலாம் என்று வீடியோக்களைப் பார்த்தால், அங்கே சோதிக்கிறவர்கள் அறையை 20, 22 டிகிரியில் வைத்துக்கொண்டு சோதிக்கிறார்கள். 22 டிகிரி அறையில் 70 காட்டிய பிராசசர் நம் அறையில் 84 காட்டும். உடனே கூலர் மட்டம், கடைக்காரர் தலையில் கட்டிவிட்டார் என்று கிளம்பிவிடுகிறோம். சத்தமும் அப்படித்தான். அட்டைப் பெட்டியில் போட்டிருக்கிற டெசிபல் எண்ணை எவ்வளவு தூரத்தில், எப்படிப்பட்ட அறையில் அளந்தார்கள் என்று பெட்டி பெரும்பாலும் சொல்லாது.

ஆகவே நம் வீட்டில், நம் வெயிலில், நாமே அளந்து பார்க்க வேண்டியதுதான். பெரிய செலவில்லை. ஆனால் ஒரு சிக்கல் உண்டு. சத்தத்தை அளக்க சீலிங் ஃபேன், ஏசி எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் அறை புழுங்கி வெப்பக் கணக்கு கெடும். வெப்பத்தை ஒழுங்காக அளக்க அறையில் காற்றோட்டம் வேண்டும். சீலிங் ஃபேன் ஓடினால் கூலர் சத்தம் காதிலேயே விழாது. இரண்டையும் ஒரே மூச்சில் அளக்கப் பார்த்துத்தான் புதிதாக வருகிறவர்கள் குழம்புகிறார்கள்.

தீர்வு சுலபம். கூலர் போடுகிற சத்தம் அதன் ஃபேனும் பம்பும் எத்தனை ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று, சுற்றுகின்றன என்பதைப் பொறுத்தது. பிராசசர் கொதிக்கிறதா குளிர்ந்திருக்கிறதா என்பது ஃபேனுக்குத் தெரியாது. அதனால் சத்தத்தை ராத்திரியில், பிராசசருக்குக் கனத்த வேலை, அதாவது லோடே கொடுக்காமல், ஆர்பிஎம்மை மட்டும் மாற்றி மாற்றி அளக்கலாம். வெப்பத்தைப் பகலில் அதே ஆர்பிஎம்களில் அளக்கலாம். அப்புறம் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

உள்ளே என்ன நடக்கிறது

பிராசசர் மேல் உட்காருகிற பகுதியில் ஒரு செம்புத் தகடும், பெரும்பாலான மாடல்களில் அதன் மேலேயே ஒரு சின்ன பம்பும் இருக்கும். தகட்டின் உள்பக்கம் மிக நுண்ணிய செதில்கள். அவற்றுக்கு நடுவே ஓடும் திரவம் சூட்டை வாங்கிக்கொண்டு குழாய் வழியாக ரேடியேட்டருக்குப் போகும். ரேடியேட்டர் பெரும்பாலும் அலுமினியம். அதன் மேல் ஃபேன்கள் காற்றடித்துச் சூட்டை வெளியே தள்ளும். கூலரின் பெயரில் 240 என்றால் 120 மில்லிமீட்டர் ஃபேன் இரண்டு, 360 என்றால் மூன்று, 280 என்றால் 140 மில்லிமீட்டர் ஃபேன் இரண்டு. அவ்வளவுதான் சங்கதி.

இதிலிருந்து ஒன்று விளங்கும். அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாகப் பிராசசரை வைக்க இந்தக் கூலரால் முடியாது. "வாட்டர் கூலிங்" என்ற பெயரைக் கேட்டு ஃபிரிட்ஜ் மாதிரி நினைத்துக்கொள்கிறவர்கள் நிறைய. அறை 36 என்றால் பிராசசர் 36-க்கு மேல்தான். எத்தனை டிகிரி மேலே என்பதுதான் கூலரின் யோக்கியதை.

இன்னொரு கேள்வியும் அடிக்கடி வரும். "அண்ணாச்சி, தண்ணி கொறஞ்சா நம்ம ஆத்துத் தண்ணிய ஊத்திக்கலாமா?" ஊற்றக் கூடாது, தம்பி. இந்த வகைக் கூலர்கள் பெரும்பாலும் மூடி சீல் வைத்தே வருகின்றன. உள்ளே இருப்பது தண்ணீரோடு கிளைகாலும் அரிப்புத் தடுப்பு மருந்தும் கலந்தது. செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் இருக்கும்போது, அந்த மருந்து இல்லாவிட்டால் அலுமினியம் அரித்துப்போகும். தாமிரபரணி எவ்வளவு நல்ல தண்ணீராக இருந்தாலும் சரி.

கையில் என்னென்ன வேண்டும்

அறை வெப்பத்துக்கு ஒயர் நுனியில் சென்சார் உள்ள சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர், மீன் தொட்டிக்கும் ஃபிரிட்ஜுக்கும் விற்கிறார்களே, அது போதும். வெப்பம் அளக்கிற மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. சுவரில் மாட்டிய கடிகாரத்தில் வருகிற டிகிரியை நம்ப வேண்டாம். உங்களுக்குத் தேவை ரேடியேட்டர் ஃபேன் உறிஞ்சுகிற காற்றின் வெப்பம். சென்சாரை அந்தக் காற்று நுழைகிற இடத்துக்கு முன்னால் ஒரு சாண் தள்ளி, எதையும் தொடாமல் தொங்கவிட வேண்டும்.

சத்தத்துக்கு சவுண்ட் லெவல் மீட்டர். விலை குறைந்தவை பெரும்பாலும் 30 டெசிபலுக்குக் கீழே அளக்காது. நம் வீடுகளில் அதற்குக் கீழே அமைதி கிடைப்பதும் அபூர்வம் என்பதால் பரவாயில்லை. மீட்டர் இல்லையென்றால் போன் செயலி. ஐபோனுக்கு அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் ஒரு செயலியை இலவசமாகத் தருகிறது. ஆண்ட்ராய்டில் போனுக்குப் போன் மைக் வேறுபடும், ஆகையால் அது காட்டும் எண்ணை இன்னொருவர் எண்ணோடு ஒப்பிடக் கூடாது. உங்கள் போனிலேயே, அதே இடத்தில், இந்த ஆர்பிஎம்முக்கும் அந்த ஆர்பிஎம்முக்கும் என்ன வித்தியாசம் என்று பார்க்க அது உதவும். போன் கவரைக் கழற்றிவிடுங்கள்.

மென்பொருளில், வெப்பம், வாட், ஆர்பிஎம் எல்லாவற்றையும் பதிவு செய்ய எச்டபிள்யூஇன்ஃபோ. ஃபேன் வேகத்தை நிலையாகப் பிடித்து வைக்க ஃபேன் கன்ட்ரோல், அல்லது கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே திறக்கிற அமைப்புத் திரையான பயாஸ். லோடு கொடுக்க சினிபெஞ்ச் ஆர்23 அல்லது பிரைம்95. லினக்ஸ்காரர்களுக்கு ஸ்ட்ரெஸ்-என்ஜியும் எல்எம்-சென்சர்ஸும். இவை எல்லாமே காசில்லாமல் கிடைப்பவை. ஒரு நோட்டுப் புத்தகமும் வேண்டும். கம்ப்யூட்டர் திடீரென்று அணைந்துபோனாலும் நோட்டு இருக்கும்.

வாட்டைக் கட்டிப்போடாமல் அளக்காதீர்கள்

புதிதாகச் சோதிக்கிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். இப்போதைய பிராசசர்கள் சூடு குறைவாக இருந்தால் இன்னும் கொஞ்சம் மின்சாரம் குடித்து வேகம் கூட்டிக்கொள்ளும். அதனால் நல்ல கூலரைப் போட்டாலும் வெப்பம் குறையாமல், வாட் மட்டும் கூடிவிடும். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையின் பெரிய பிராசசர்கள் முழு லோடில் 95 டிகிரி வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை. 7950எக்ஸ் 230 வாட் வரை எடுக்கும். அதில் சாதாரண கூலரும் 95 காட்டும், விலை உயர்ந்த கூலரும் 95 காட்டலாம். இரண்டும் ஒன்று என்று முடிவு கட்டினால் தப்பு.

ஆகவே பயாஸுக்குள் போய் வாட்டை நிலையாக வையுங்கள். இன்டெலில் பிஎல்1, பிஎல்2 என்று இரண்டு வரம்பு இருக்கும். இரண்டையும் ஒரே எண்ணாக, உதாரணத்துக்கு 125 வாட் என்று போடலாம். பல மதர்போர்டுகள் கேம் விளையாடுகிறவர்களை மனதில் வைத்து இந்த வரம்பைத் திறந்தே விட்டிருக்கும், கவனியுங்கள். ஏஎம்டியில் பிபிடி என்று இருப்பதுதான் அந்த வரம்பு. பெட்டியில் 65 வாட் என்று எழுதியிருந்தாலும் ரைசனில் பிபிடி வழக்கமாக 88 வாட். 105 வாட் என்றால் 142. எந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தாலும் எல்லாச் சோதனைக்கும் அதே எண் இருக்க வேண்டும். சோதனை ஓடும்போது எச்டபிள்யூஇன்ஃபோவில் வாட் அந்த எண்ணில் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காமல் கீழே இறங்கினால், ஒன்று லோடு போதவில்லை, இல்லையென்றால் பிராசசர் சூட்டில் தன்னைத்தானே அடக்கிக்கொள்கிறது.

பம்பை முழு வேகத்தில் விடுங்கள். மதர்போர்டில் பம்புக்கென்று தனி இணைப்பு இருந்தால் அதில் செருகுங்கள். சாதாரண ஃபேன் இணைப்பில் செருகினால் ஐடிலில், அதாவது வேலையில்லாமல் சும்மா இருக்கும்போது, பம்ப் வேகம் குறைந்து கணக்கு குழம்பும். விண்டோஸ் அப்டேட், ஆன்டிவைரஸ் ஸ்கேன், பின்னால் ஓடும் டவுன்லோடு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். கேபினட் கதவை மூடியே வையுங்கள், தினமும் அப்படித்தானே ஓட்டப்போகிறீர்கள்.

பூட்டும்போது

செம்புத் தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்தீர்களா என்று ஒருமுறை பாருங்கள். சிரிக்க வேண்டாம்; "புது கூலர், ஆன் பண்ணின உடனே நூறு டிகிரி" என்று வருகிற புகார்களில் இது வழக்கமான காரணம். பிராசசருக்கும் தகட்டுக்கும் நடுவே பூசுகிற தெர்மல் பேஸ்ட் பழையது இருந்தால் அதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து எடுங்கள். ஸ்க்ரூவை ஒரு மூலை, அதற்கு எதிர் மூலை என்று கொஞ்சம் கொஞ்சமாக மாறி மாறி முடுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் பேஸ்ட் ஒரு ஓரமாக ஒதுங்கிவிடும்.

கழற்றித் திரும்பப் பூட்டினாலே ஒன்றிரண்டு டிகிரி மாறலாம். அதனால் இரண்டு கூலர்களை ஒப்பிடுகிறீர்கள் என்றால் ஒவ்வொன்றையும் குறைந்தது இரண்டு தடவை பேஸ்ட் புதிதாகப் போட்டுப் பூட்டி அளக்க வேண்டும். அதற்குப் பொறுமை இல்லையென்றால், இரண்டு டிகிரிக்குள் வருகிற வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ரேடியேட்டரை முடிந்தால் கேபினட்டின் கூரையில் மாட்டுங்கள். உள்ளே கொஞ்சம் காற்று எப்போதும் இருக்கும், அது உயரமான இடத்துக்குத்தான் போகும். அந்த உயரமான இடம் பம்பாக இருக்கக் கூடாது. முன்பக்கம் மாட்டினால் ரேடியேட்டரின் மேல்விளிம்பு பம்பைவிட உயரத்தில் இருக்கட்டும். புதிதாகப் பூட்டியதும் கொஞ்ச நேரம் களகளவென்று சத்தம் வரும். குமிழிகள் மேலே போய்ச் சேர்ந்ததும் அடங்கிவிடும். அடங்கும்வரை சத்தத்தை அளக்க வேண்டாம்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கூலர் என்றால் தூசி தட்டிவிட்டுத் தொடங்குங்கள். ஆனி, ஆடியில் மேற்கே கணவாய் வழியாக அடிக்கிற காற்று இந்தப் பக்கத்துத் தூசியை எல்லாம் வீட்டுக்குள் கொண்டுவந்து கொட்டும். ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் தேரி மணல் வேறு. ரேடியேட்டர் செதில்களுக்கு நடுவே அது பஞ்சு மாதிரி அடைத்துக்கொண்டிருந்தால், நீங்கள் அளப்பது கூலரை இல்லை, தூசியைத்தான்.

பகல் வேலை: வெப்பம்

சோதனையை எவ்வளவு நேரம் ஓட்டுவது? காற்றடிக்கிற சாதாரண கூலர் சில நிமிடங்களில் நிலைக்கு வந்துவிடும். திரவக் கூலருக்கு நேரம் பிடிக்கும். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 4.18 ஜூல் வேண்டும். உள்ளே கால் லிட்டர் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு டிகிரிக்கு ஆயிரத்துச் சொச்சம் ஜூல். 125 வாட் என்றால் நொடிக்கு 125 ஜூல். ரேடியேட்டர் ஒன்றுமே வெளியே தள்ளாவிட்டாலும் ஒரு டிகிரி ஏற எட்டு நொடிக்கு மேல் ஆகும். ரேடியேட்டர் தள்ளத் தள்ள இந்த ஏற்றம் இன்னும் மெதுவாகும். ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு "பாத்தியா, அறுபதுதான்" என்று சொல்வது இதனால்தான் செல்லாது. அரை மணி நேரம் ஓட்டுங்கள். சினிபெஞ்ச் ஆர்23-இல் 30 நிமிடம் என்றே ஒரு தேர்வு இருக்கிறது. ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்று தொடங்கும் இடைவெளியில் லோடு ஒரு கணம் இறங்கும். அதுகூட வேண்டாம் என்றால் பிரைம்95-இல் ஸ்மால் எஃப்எஃப்டி என்ற சோதனை. அது மிகக் கடுமையான லோடு, அன்றாட வேலையில் அந்த அளவு சூடு வராது என்பதையும் மனதில் வையுங்கள்.

நான்கு வேகங்கள் போதும்: 800, 1200, 1600, அப்புறம் அந்த ஃபேனின் உச்சம். ஒவ்வொன்றிலும் அரை மணி. கடைசி ஐந்து நிமிடத்தின் சராசரியை எடுங்கள். எச்டபிள்யூஇன்ஃபோவில் உச்ச வெப்பம் என்று காட்டுவதை விட்டுவிடுங்கள். ஒரே ஒரு கணம் ஒரு கோர் குதித்தாலும் அது அங்கே பதிந்துவிடும். அதே ஐந்து நிமிடத்தில் அறை வெப்பம் என்ன என்பதைக் கூடவே எழுதிக்கொள்ளுங்கள். நோட்டில் ஒரு வரி இப்படி இருக்க வேண்டும்:

"1200 ஆர்பிஎம், பம்ப் முழுசு, 125 வாட், பிராசசர் 74.5, உள்ளே போகும் காற்று 34.5, வித்தியாசம் 40."

அந்தக் கடைசி எண்ணைத்தான் டெல்டா என்பார்கள். இதுதான் உங்களுக்கு வேண்டியது. மார்கழியில் அறை 26 இருக்கும்போது இதே வேகத்தில் 66 வரும், சித்திரையில் 36 இருக்கும்போது 76 வரும். வாட் மாறாதவரை டெல்டா ஏறத்தாழ அப்படியேதான் இருக்கும். வெளிநாட்டுச் சோதனைகளோடு ஒப்பிட வேண்டுமென்றாலும் இதை வைத்துத்தான் ஒப்பிட முடியும். அதுவும் பிராசசரும் வாட்டும் ஒன்றாக இருந்தால் மட்டுமே.

அறையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பத்துக்குப் பத்து அறையைக் கதவடைத்துவிட்டு 250 வாட் இழுக்கிற கம்ப்யூட்டரை ஓட்டினால், அது சின்ன ஹீட்டர் போட்ட மாதிரிதான். சுவர்கள் ஒன்றும் வாங்கிக்கொள்ளாவிட்டால் அந்த அறைக் காற்று இரண்டே நிமிடத்தில் ஒரு டிகிரி ஏறிவிடும். நல்லவேளை, சுவர்கள் வாங்கிக்கொள்கின்றன. ஆகவே கதவைத் திறந்து வையுங்கள், சீலிங் ஃபேன் ஓடட்டும், ஆனால் அதன் காற்று நேராகக் கேபினட் மேல் விழ வேண்டாம். கீழ்த்தள அறை இருந்தால் அங்கே செய்யுங்கள். மாடி அறையில் கான்கிரீட் கூரை பகலெல்லாம் வாங்கிய சூட்டை இருட்டிய பிறகும் இறக்கிக்கொண்டே இருக்கும், அறை நிலையாக நிற்காது. ஏசி இருந்தால் கம்ப்ரசர் நின்று நின்று ஓடும்போது காற்று ஒன்றிரண்டு டிகிரி ஏறி இறங்கும். அந்த ஐந்து நிமிடச் சராசரி அதற்கும் சேர்த்துத்தான்.

மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்ட் நிறுத்துகிற நாளை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். இருபத்தெட்டாவது நிமிடத்தில் கரண்ட் போனால் அந்தச் சுற்று முழுக்க வீண்.

ராத்திரி வேலை: சத்தம்

வெப்பத்தைவிடக் கஷ்டமானது இதுதான். கூலருடைய குற்றமில்லை, நம் ஊரின் குணம் அப்படி. ஆடி, பங்குனி, சித்திரையில் பக்கத்தில் எங்காவது கோயில் கொடை என்றால் அந்த வாரம் முழுக்க மறந்துவிடுங்கள். வில்லுப்பாட்டும் மேளமும் விடிய விடியக் கேட்கும். ஜங்ஷன் பக்கம் வீடு என்றால் ரயில். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி மாதிரி வயலை ஒட்டிய ஊர் என்றால், பிசானம் நட்ட காலத்தில் தவளைகள் ஒரு பக்கம், சுவர்க்கோழி ஒரு பக்கம். சுவர்க்கோழியின் சத்தம் சில ஆயிரம் ஹெர்ட்ஸில் வருவது. நாம் பயன்படுத்துகிற ஏ-எடையிட்ட டெசிபல் அளவு மனிதக் காதைப் போலவே அந்தப் பகுதியை நன்றாகக் கேட்கும். ஆகவே உங்களுக்கு "சும்மா பூச்சிதான்" என்று தோன்றுவது மீட்டரில் ஐந்தாறு டெசிபலைக் கூட்டிவிடும். ஜன்னலைச் சாத்துங்கள். ராத்திரி ஒன்றிலிருந்து நான்கு மணி வரை நல்ல நேரம்.

அறையில் சீலிங் ஃபேன், ஏசி, ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், டியூப் லைட்டின் பழைய சோக், எல்லாவற்றையும் நிறுத்துங்கள். கம்ப்யூட்டருக்குள்ளும் கிராஃபிக்ஸ் கார்டு ஃபேன், கேபினட் ஃபேன்கள் நிற்கட்டும். லோடு இல்லாததால் ஆபத்தில்லை. ஹார்ட் டிஸ்க் இருந்தால் அந்த ஒயரை ஒரு ராத்திரிக்குக் கழற்றி வையுங்கள்.

தூரத்தை முடிவு செய்யுங்கள். 50 சென்டிமீட்டர் நல்ல தேர்வு. தூரம் இரட்டிப்பானால் திறந்த வெளியில் 6 டெசிபல் குறையும் என்பதால், ஒரு மீட்டரில் அளந்தவர் எண்ணோடு அரை மீட்டரில் அளந்த உங்கள் எண்ணை ஒப்பிட்டுச் சண்டை போடக் கூடாது. கேபினட்டின் பக்கவாட்டில், ஃபேன் காற்று நேராக மைக்கில் படாத இடமாகப் பாருங்கள். காற்று பட்டால் அந்த உரசலும் சத்தமாகப் பதியும். மீட்டரை மேஜை மேல் அப்படியே வைக்காமல் மடித்த துண்டின் மேல் வையுங்கள். தரையில் சாக்பீஸால் ஒரு குறி. நீங்கள் மூச்சு விடுகிற சத்தமே இந்த அளவில் கணக்குக்கு வரும், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

முதலில் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு அறையின் சத்தத்தை அளங்கள். அப்புறம் ஆன் செய்து ஒவ்வொரு ஆர்பிஎம்மிலும் அரை நிமிடம். இடையில் நாய் குரைத்தால் திரும்ப அளங்கள், ஞாபகத்தில் கழித்துக்கொள்ள வேண்டாம்.

அறைச் சத்தத்துக்கும் கூலரோடு சேர்ந்த சத்தத்துக்கும் 10 டெசிபல் வித்தியாசம் இருந்தால் அறையை மறந்துவிடலாம். அதனால் வரும் பிழை அரை டெசிபல்தான். 3 டெசிபல் வித்தியாசம் என்றால் கூலரும் அறையும் ஒரே அளவு சத்தம் போடுகின்றன என்று பொருள். அறை 35, கூலர் ஓடும்போது 38 காட்டினால் கூலர் மட்டும் 35. டெசிபலைச் சாதாரணமாகக் கூட்டவோ கழிக்கவோ முடியாது, 38-இலிருந்து 35-ஐக் கழித்து 3 என்று எழுதிவிடாதீர்கள். மூன்றுக்கும் குறைவாக வந்தால் அந்த எண்ணைப் போடாமல் "அறையில் கேட்கவில்லை" என்று எழுதுங்கள். அதுவே நல்ல சேதிதானே.

பம்பை மட்டும் கேட்க, ரேடியேட்டர் ஃபேன்களை ஒரு சில நிமிடம் நிறுத்துங்கள். ஐடிலில் இருக்கும்வரை பரவாயில்லை. கேபினட் கதவைத் திறந்து 15 சென்டிமீட்டரில் மீட்டரை வையுங்கள். பம்பின் சத்தம் டெசிபலில் சின்ன எண்ணாகத்தான் வரும். ஆனால் ஒரே சுதியில் "கீ..." என்று இழுத்தால் பெரிய ஃபேன் இரைச்சலைவிட அது எரிச்சலூட்டும். எண்ணை மட்டும் எழுதாமல், பக்கத்தில் "கீச்", "களகள", "டிக்டிக்", "வெறும் காற்று" என்று நாலு எழுத்து எழுதிவையுங்கள். என்னைக் கேட்டால் அந்த வார்த்தைதான் எண்ணைவிட உபயோகம்.

ஃபேனுக்கும் ஒரு சுதி உண்டு. இறக்கைகளின் எண்ணிக்கையை ஆர்பிஎம்மால் பெருக்கி 60-ஆல் வகுத்தால் அது எத்தனை ஹெர்ட்ஸ் என்று வரும். 7 இறக்கை, 1500 ஆர்பிஎம் என்றால் 175 ஹெர்ட்ஸ். சில வேகங்களில் கேபினட் தகடும் அதே சுதியில் சேர்ந்து அதிரும். இதைப் பிடிக்க ஃபேனை 600-இலிருந்து உச்சம் வரை ஐம்பது ஐம்பதாக மெதுவாக ஏற்றிக்கொண்டே கேளுங்கள். 1050-இல் திடீரென்று உறுமி 1150-இல் அடங்கினால், அந்த இடத்தை ஃபேன் வேக அமைப்பில் தாண்டிப் போகும்படி வைத்துவிடலாம். உறுமும்போது கேபினட் கதவைக் கையால் அழுத்துங்கள். சத்தம் நின்றால் குற்றம் தகட்டில், ஃபேனில் இல்லை; ஒரு ரப்பர் வாஷரில் சரியாகிவிடும்.

இரண்டு பட்டியலையும் சேர்த்தால்

கணக்கு புரிவதற்காக ஒரு கற்பனைக் கூலர். 125 வாட்டில் 800 ஆர்பிஎம்முக்கு டெல்டா 45, சத்தம் 30 டெசிபல். 1200-இல் 40, 39. 1600-இல் 37.5, 45. 2000-இல் 36, 50.

வேகத்தை இரட்டிப்பாக்கினால் ஃபேன் சத்தம் சுமார் 15 டெசிபல் கூடும் என்பது ஃபேன்காரர்களின் பொது விதி. மேலே உள்ள எண்கள் அதை ஒட்டித்தான். 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றும். இப்போது பாருங்கள். 800-இலிருந்து 2000-க்குப் போனால் 9 டிகிரி குறைகிறது, சத்தம் நாலு மடங்காகத் தோன்றுகிறது. 36 டிகிரி அறையிலும் 800 ஆர்பிஎம்மில் பிராசசர் 81-தான். இன்டெலின் 12 முதல் 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களுக்கு வரம்பு பெரும்பாலும் 100 டிகிரி. அப்படியானால் எதற்காக 2000-இல் கத்த விட வேண்டும்? 1200-இல் நிறுத்திக்கொள்ளலாம். நம் ஊர்க்காரர்கள் சூட்டைக் கண்டு பயந்து ஃபேனை எப்போதும் உச்சத்தில் வைக்கிறார்கள். அந்தக் கடைசி 400 ஆர்பிஎம் ஒன்றரை டிகிரிக்கு மேல் எதுவும் தருவதில்லை.

இரண்டு கூலரை ஒப்பிடும்போதும் உச்ச வேகத்தில் ஒப்பிடாதீர்கள். ஒன்றின் உச்சம் 1500 ஆகவும் இன்னொன்றின் உச்சம் 2400 ஆகவும் இருந்தால் சத்தம் போடுகிறதுதான் ஜெயிக்கும். ஒரு டெசிபலை முடிவு செய்யுங்கள், 38 என்று வையுங்கள். இரண்டு கூலரும் 38 டெசிபல் தருகிற ஆர்பிஎம்மை ராத்திரிப் பட்டியலிலிருந்து எடுத்து, அந்தந்த வேகத்தில் பகலில் ஓட்டி டெல்டா பாருங்கள். 240-க்கும் 360-க்கும் உள்ள நிஜ வித்தியாசம் இப்படிப் பார்த்தால்தான் தெரியும். 360-இல் ஒரு ஃபேன் கூடுதலாக இருந்தாலும் அதனால் கூடுகிற சத்தம் 2 டெசிபலுக்கும் குறைவு. பரப்பு ஒன்றரை மடங்கு என்பதால் அதே குளிர்ச்சிக்கு மெதுவாகச் சுற்றினால் போதும்.

கடைசியாக ஃபேன் வேக அமைப்பு. திரவத்தின் வெப்பத்தைக் காட்டுகிற கூலர் என்றால் ஃபேனை அதன்படி ஓடவிடுங்கள், அது மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். அந்த வசதி இல்லையென்றால் பிராசசர் வெப்பத்தையே வைத்து, மாற்றத்துக்குச் சில நொடி தாமதம் கொடுங்கள். இல்லாவிட்டால் பிரௌசரைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் ஃபேன் சீறும்.

வருஷத்துக்கு ஒரு தடவை

அந்த நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். வருஷா வருஷம் ஒரே வாட்டில், 1200 ஆர்பிஎம்மில் மட்டும் ஒரு அரை மணி ஓட்டி டெல்டா பாருங்கள். 40 இருந்தது 45 ஆகியிருந்தால் முதலில் தூசி, அடுத்து தெர்மல் பேஸ்ட், அடுத்து பம்ப் ஆர்பிஎம் பழைய எண்ணில் இருக்கிறதா என்று அந்த வரிசையில் பாருங்கள். மூன்றும் சரியாக இருந்து, களகள சத்தமும் திரும்ப வந்திருந்தால் குழாய் வழியாகத் திரவம் வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து ஆவியாகியிருக்கலாம். அதற்கு வீட்டு வைத்தியம் இல்லை. பம்ப் 0 ஆர்பிஎம் என்று காட்டி பிராசசர் விறுவிறுவென்று ஏறினால் உடனே கம்ப்யூட்டரை அணையுங்கள்.

அப்போது தேவைப்படுவது வாரண்டி. இந்தக் கூலர்களுக்கு வாரண்டி பல வருஷம் இருக்கும். ஆனால் கடையில் கொடுக்கிற தெர்மல் தாள் பில் நம் வெக்கையில் அவ்வளவு நாள் தாங்காது, எழுத்து மங்கி வெறும் தாளாகிவிடும். வாங்கின அன்றைக்கே பில்லையும் கூலரின் சீரியல் எண்ணையும் போட்டோ எடுத்து உங்களுக்கே மெயில் அனுப்பிவைத்துக்கொள்ளுங்கள்.